ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில்

"நீ அங்கதானே வேலை பாக்குற, கண்ணு" என்றுதான் மர்கேல்லா சித்தி பேச்சை ஆரம்பித்தாள். இசிடோரா கைபேசியோடு எழுந்து வராந்தாவுக்குப் போனாள்.

எங்கள் கிரேக்க நாட்டில் பாதிக் காரியம் இந்த ஒரு வாக்கியத்தில்தான் நடக்கிறது. ஆஸ்பத்திரியில் கட்டில் வேண்டுமா, மின்சார அலுவலகத்தில் கையெழுத்து வேண்டுமா, உள்ளே ஓர் ஆள் இருந்தால் போதும். ஆள் இல்லாதவன் வரிசையில் நிற்பான். மர்கேல்லா சித்தி ஐம்பத்தேழு வயது வரை எல்லா இடத்திலும் வரிசையில் நின்றவள். இப்போது முதல் தடவையாக அவளுக்கு உள்ளே ஓர் ஆள் இருந்தாள், அதுவும் கூடப் பிறந்த அக்காள் பெற்ற மகள்.

இசிடோரா ஏதென்ஸில் ஒரு மின்னஞ்சல் நிறுவனத்தில் வேலை பார்த்தாள். யார் எந்தக் கணக்குக்குள் நுழைகிறார்கள், எங்கிருந்து, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை தப்பாகப் போட்டார்கள் என்பதையெல்லாம் வைத்து, வந்திருப்பது வீட்டுக்காரரா திருடரா என்று கணினியே முடிவு செய்யும்படி விதிகள் எழுதுவது அவள் பிழைப்பு. கெட்டிக்காரி. ஒன்பது வருஷத்தில் அவள் எழுதிய விதிகள் ஆயிரக்கணக்கான திருட்டைத் தடுத்திருக்கின்றன. ஆனால் கியோஸ் தீவில் இருந்த அவள் சொந்தக்காரர்களுக்கு இது எதுவும் புரியாது. "போஸ்ட் ஆபீஸ் மாதிரி ஏதோ" என்று அவள் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள்.

சித்தியின் கணவர் பாந்தெலிஸ் சரக்குக் கப்பலில் தலைமை எஞ்சினியர். எட்டு நாளுக்கு முன்பு, ஒரு புதன்கிழமை, பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே நடுக்கடலில், விடியற்காலையில் வேலை முறை மாறும்போது ஆளைக் காணோம். அறையில் காலணி இருந்தது, கண்ணாடி இருந்தது, பாதி குடித்த காப்பி இருந்தது. கப்பலைத் திருப்பி இரண்டு நாள் தேடினார்கள். கடலில் விழுந்தவரைக் கடல் லேசில் திருப்பிக் கொடுக்காது என்று எங்கள் தீவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அந்தத் துயரம் போதாதென்று இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பாந்தெலிஸும் மர்கேல்லாவும் பதினெட்டு வருஷமாக இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் கணக்கு வைத்திருந்தார்கள். பெயர் அவருடையது, கைபேசி எண் அவருடையது, கடவுச்சொல் இருவருக்கும் தெரியும். இருவரும் எழுதுவார்கள், ஆனால் அனுப்ப மாட்டார்கள். அனுப்பாத கடிதம் வரைவாக அங்கேயே கிடக்கும். அவர் கப்பலிலிருந்து திறந்து படித்து, அதற்குக் கீழேயே தன்னுடையதை எழுதி வைப்பார். கப்பலில் இணையம் சொட்டுச் சொட்டாக வந்த காலத்தில் கடலோடிகள் கண்டுபிடித்த சிக்கனம் அது. இணையம் மலிந்த பிறகும் இவர்கள் விடவில்லை. சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று இவள் எழுத, எந்தத் திருகியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று பசிபிக்கிலிருந்து பதில் வரும். சில நாள் இருவரும் ஒரே சமயத்தில் உள்ளே இருப்பார்கள். அவர் எழுதுவது எழுத்தெழுத்தாக இவள் கண் முன்னால் வந்து விழும். அந்த நாள் சித்திக்குத் திருநாள்.

கப்பல் நிறுவனத்திலிருந்து தொலைபேசி வந்த அன்று அவள் முதலில் ஓடியது அந்தக் கணக்குக்குத்தான். கடைசியாக என்ன எழுதினார் என்று பார்க்க வேண்டும். கடவுச்சொல்லைப் போட்டாள். 'பெயரோ கடவுச்சொல்லோ சரியில்லை' என்று வந்தது. நிதானமாக, ஒற்றை விரலால், எழுத்துக்கு எழுத்து பார்த்துப் போட்டாள். பதினெட்டு வருஷம் திறந்த கதவு திறக்கவில்லை.

"போறதுக்கு முன்னாடி பூட்ட மாத்திட்டுப் போயிட்டாரு, கண்ணு" என்றாள் சித்தி. "அப்படி நான் பாக்கக் கூடாதது உள்ள என்ன இருக்கு? அத மட்டும் எனக்குச் சொல்லிடு. வேற எதுவும் கேக்கல."

ஊர் சும்மா இருக்குமா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. மணிலாவில் ஒருத்தி இருந்திருக்கிறாள் என்றார்கள். மனுஷன் தானாகவே குதித்திருக்கிறார், அதனால்தான் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார் என்றார்கள். துறைமுகக் காவலில் இருந்து வந்தவன் கடிதம் ஏதாவது எழுதி வைத்தாரா என்று நாசூக்காகக் கேட்டான். ஆயர் அலுவலகமும் அதையே கேட்டது, ஏனென்றால் தானாக உயிரை விட்டவர் என்றால் நாற்பதாம் நாள் வழிபாட்டுக்கு அனுமதி யோசித்துத்தான் தருவார்கள். பாதிரியார் லெஃப்தேரிஸ் நல்ல மனுஷர், கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்திக்கோ ஊரும் ஆயரும் இரண்டாம் பட்சம். முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவர் தன்னை வெளியே வைத்துக் கதவைச் சாத்திவிட்டாரா என்பது ஒன்றுதான் அவளை அரித்தது.

இசிடோரா சொல்லிப் பார்த்தாள். அந்த வாசகம் வந்ததால் மட்டுமே கடவுச்சொல் மாறிவிட்டதென்று அர்த்தமில்லை. எந்தக் காரணத்துக்காகக் கதவு மூடினாலும் வெளியே அந்த ஒரு வாசகம்தான் வரும், ஏனென்றால் காரணத்தைச் சொன்னால் திருடனுக்குத் துப்புக் கொடுத்தது போல் ஆகும். வாசகத்தை அப்படி வைத்ததே அவள் இருந்த குழுதான். சித்தி பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "சரியில்லன்னு அதுவே சொல்லுதேடி" என்றாள்.

உள்ளே பார்க்கச் சொன்னால் அதற்கும் வழியில்லை. ஒரு கணக்கின் மேல் விசாரணைக் கோப்புத் திறந்தால்தான் அதன் நுழைவுப் பதிவைப் பார்க்கலாம். கோப்பில்லாமல் பார்த்தால், பார்த்தவர் பெயரும் நேரமும் பதிவாகும். போன வருஷம் ஒருவன் தன் பழைய காதலி எந்த ஊரிலிருந்து கணக்கைத் திறக்கிறாள் என்று எட்டிப் பார்த்தான். மதியச் சாப்பாட்டுக்கு முன் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடிதங்களின் உள்ளடக்கமோ யாராலும் பார்க்க முடியாதது, முதலாளியே வந்தாலும் முடியாது. இதையெல்லாம் இசிடோரா சொல்லச் சொல்ல, மறுமுனையில் சித்தி 'சரி, சரி' என்று மட்டும் சொன்னாள். நம்பவில்லை என்று தெரிந்தது. செய்ய மனமில்லாதவர்கள்தான் எங்கள் நாட்டில் விதியைச் சொல்வார்கள்.

அன்று சாயங்காலமே அம்மா கூப்பிட்டாள். கூடப் பிறந்தவளுக்கு ஒரு ஆபத்து என்றால் உதவாத படிப்பு என்ன படிப்பு என்றாள். ஒரு பூட்டைத் திறக்கத் துப்பில்லாதவளுக்கு அங்கே எதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றாள். இசிடோரா அழுதுவிட்டாள். முப்பத்து நாலு வயதில் அம்மா திட்டி அழுவது அவளுக்கே அவமானமாக இருந்தது.

மறுநாள் சித்தியிடம் ஒரே ஒரு புத்திமதி சொன்னாள். தெரிந்த சொல்லையெல்லாம் போட்டுப் போட்டுப் பார்க்காதே, ஒரு கணினியிலிருந்து மூன்று தடவைக்கு மேல் தப்பாகப் போட்டால் அதற்குச் சந்தேகம் வந்துவிடும் என்றாள். நல்லதுக்குத்தான் சொன்னாள். சித்தியும் அதை அப்படியே போய் ரொட்டிக் கடையில் சொன்னாள்.

ரொட்டிக் கடை ஸ்தமாட்டிஸ் பாந்தெலிஸோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். மாவுக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். "ஒரு மெஷினுக்கு மூணு தடவதானே? நம்ம ஊர்ல எத்தன மெஷின் இருக்கு?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்ததும் படகுத்துறைக் காப்பிக் கடையில் கூடினார்கள். எல்லா வீட்டிலும் ஒரு கடலோடி இருக்கிற ஊர் அது. பாந்தெலிஸுக்கு நேர்ந்தது நாளை யாருக்கும் நேரலாம், அதனால் யாரும் ஒதுங்கி நிற்கவில்லை. வீட்டுக்கு மூன்று முயற்சி என்று ஸ்தமாட்டிஸ் பங்கு பிரித்தான். அவர் வேலை பார்த்த கப்பல்களின் பெயரை ஒரு வீடு எடுத்துக்கொண்டது. அவர் அம்மா பெயரும் பிறந்த வருஷமும் இன்னொரு வீட்டுக்கு. அவருக்குப் பிடித்த கால்பந்து அணி கோப்பை வாங்கிய வருஷங்கள் மருந்துக் கடைக்காரருக்கு. பாதிரியார் லெஃப்தேரிஸ், பாந்தெலிஸுக்குப் பேர் வந்த புனிதர் பாந்தெலெய்மோனின் பெயரைத் தன் கைபேசியில் மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தார். துறைமுகக் காவல்காரன்கூட அலுவலகக் கணினியில் முயன்றான், அரசாங்கக் கணினிக்கு மரியாதை கொடுத்துத் திறக்குமோ என்னவோ என்று. சித்தி எல்லாருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தாள். பன்னிரண்டு நாளில் அன்றைக்குத்தான் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்ததாம். ஊர் கூடித் தேர் இழுத்தது. தேர் நேராகக் குளத்தில் போய் இறங்கியது.

திங்கட்கிழமை காலை இசிடோராவின் குழுத் தலைவன் அல்கீஸ் சிரித்துக்கொண்டே அவள் மேசைக்கு வந்தான். ஒரு கணக்கின் மேல் ஒன்றரை மணி நேரத்தில் எண்பத்தேழு முயற்சி, இருபத்தொன்பது கருவிகளிலிருந்து, எல்லாம் ஒரே சின்ன ஊரிலிருந்து. கூட்டாகச் சேர்ந்து நடத்திய தாக்குதல் என்று கணினி முடிவு கட்டி, கணக்குக்கு முத்திரை வைத்துக் கோப்புத் திறந்துவிட்டது. "உங்க தீவுல ஊரோட திருடக் கிளம்பிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, நீதான் அந்தப் பக்கத்துக்காரி, நீயே பார் என்று கோப்பை அவளுக்குத் தள்ளினான்.

கணக்கின் பெயரைப் பார்த்தாள். பாந்தெலிஸ் சித்தப்பா. சொந்தக்காரர் கணக்கு என்றால் உடனே எழுந்து சொல்லி, கோப்பை வேறொருவரிடம் கொடுக்க வேண்டும். அவளே புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம் அது. எழுந்திருக்க நினைத்தாள். பதினெட்டு வருஷம் திறந்த கதவு திறக்கவில்லை என்று சித்தி சொன்ன குரல் காதில் இருந்தது. உட்கார்ந்தபடியே பதிவைத் திறந்தாள்.

எண்பத்தேழு முயற்சியையும் தள்ளிவிட்டு, அந்தப் புதனுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமைக்குப் போனாள்.

பிற்பகல் மூன்று நாற்பத்தெட்டு. கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பிலிருந்து ஒருவர் நுழைகிறார். கடவுச்சொல் முதல் தடவையே சரி. அதே பழைய கடவுச்சொல், ஒன்றும் மாறவில்லை. அப்போது கப்பலில் இரவு கிட்டத்தட்டப் பத்து மணி இருக்கும். மூன்று ஐம்பதுக்குப் புது வரைவு ஒன்றைத் திறக்கிறார். பதினோரு நிமிஷம் எழுதுகிறார். என்ன எழுதினார் என்று பதிவில் இருக்காது, எவ்வளவு என்பது மட்டும் இருக்கும். அறுநூற்று நாற்பது எழுத்து.

நான்கு மணி ஒரு நிமிஷம். கியோஸ் தீவிலிருந்து, மர்கேல்லா சித்தியின் சமையலறைக் கணினியிலிருந்து இன்னொருவர் நுழைகிறார். கடவுச்சொல் சரி.

அதற்கு அடுத்த வரியைப் படிக்கும் முன்பே இசிடோராவுக்குத் தெரிந்துவிட்டது. அது அவள் எழுதிய விதி. ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. ஒரே கணக்கில் இங்கே ஒருவரும் பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒருவரும் இருந்தால், இரண்டில் ஒருவர் திருடர். எவர் திருடர் என்று குழுவில் மூன்று மாதம் விவாதித்தார்கள். எந்த இடத்திலிருந்து அந்தக் கணக்கு அதிகம் திறக்கப்பட்டிருக்கிறதோ அந்த இடத்தை நம்புவோம், பழக்கமில்லாத இடத்தை வெட்டுவோம் என்று சொன்னவள் இசிடோராதான். நல்ல யோசனை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். சித்தி தன் சமையலறையிலிருந்து அந்தக் கணக்கை ஆறாயிரம் தடவைக்கு மேல் திறந்திருந்தாள். பாந்தெலிஸ் அந்தப் புதுக் கப்பலில் ஏறி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கணினி சித்தியைப் பாந்தெலிஸ் என்று நம்பியது, பாந்தெலிஸைத் திருடன் என்று வெட்டியது.

வரைவு சேமிக்கப்படவில்லை என்று இருந்தது. இணைப்பு பலவீனமாக இருந்தால் தானாகச் சேமிக்காது, முடித்துவிட்டு அழுத்தினால்தான் சேமிக்கும். அவர் முடிக்கவில்லை.

நான்கு மணி இரண்டுக்குக் கப்பலிலிருந்து மறுபடி வருகிறார். கடவுச்சொல் சரி. ஆனால் இப்போது அவர் சந்தேகத்துக்குரியவர், அதனால் அவர் கைபேசிக்கு ஓர் எண் அனுப்பி, அதைப் போடச் சொல்லிக் கேட்கிறது. நடுக்கடலில் கைபேசிக்கு ஏது சமிக்ஞை? எண் போய்ச் சேரவில்லை. நான்கு ஐந்துக்கு மறுபடி. நான்கு ஒன்பதுக்கு மறுபடி. அதற்குப் பிறகு இருபத்திரண்டு நிமிஷம் ஒன்றுமில்லை. கப்பலின் மேல்தளத்துக்குப் போய்க் கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாரோ என்னவோ. நான்கு முப்பத்தொன்றுக்குக் கடைசித் தடவை. நான்காவது தோல்வியோடு கணக்கு எல்லாருக்கும் பூட்டிக்கொண்டது. சித்தி அதற்கு முன்பே, நான்கு ஆறுக்கு, வெளியேறிவிட்டாள்.

அதன் பிறகு கப்பலிலிருந்து ஒரு வரியும் இல்லை.

விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது அதே செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. செவ்வாயில் நல்ல காரியம் தொடங்கக் கூடாதென்று எங்கள் நாட்டில் சொல்வார்கள். அதைச் சொல்லிச் சிரித்தபடி அல்கீஸ் ஒரு தட்டுப் பால்கோவா மாதிரியான இனிப்பு வாங்கி வந்து வைத்தான். பொத்தானை அழுத்தியது இசிடோரா. ஆறு மணி நேரத்துக்குப் பிறகு அது சித்தப்பாவின் கையில் இருந்த கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டது. அவர் குதித்தாரா, தவறி விழுந்தாரா என்று பதிவில் இல்லை. எங்குமே இல்லை. அவள் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மதியம் அல்கீஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சொந்தக்காரர் என்றும் சொன்னாள், பார்த்துவிட்டேன் என்றும் சொன்னாள். அவன் கதவைச் சாத்திவிட்டு வந்து பதிவை இரண்டு தடவை படித்தான். அவன் கெட்டவன் இல்லை. அவனும் கப்பல்காரன் பேரன்தான்.

அந்தக் கடிதம் எங்கும் மிச்சமில்லை என்று அவளுக்கே தெரியும், ஆனாலும் கேட்டாள். இல்லை என்றான். பழைய பதினெட்டு வருஷக் கடிதங்களையாவது சித்திக்குத் திறந்து கொடுக்கலாமா என்று கேட்டாள். முத்திரை வைத்த கணக்கை அதன் உரிமையாளர் மட்டும்தான் தன் கைபேசிக்கு வரும் எண்ணோடு திறக்கலாம். உரிமையாளர் இறந்துவிட்டார் என்றால் மரணச் சான்றிதழ் வேண்டும், நீதிமன்ற உத்தரவு வேண்டும். உடல் கிடைக்காதவருக்கு அந்தக் காகிதம் வர வருஷக்கணக்காகும். முத்திரை வைத்த கணக்கோ, திருடன் கையில் எதுவும் சிக்கக் கூடாதென்று தொண்ணூறாம் நாள் தானாகவே அழிந்துவிடும். அந்த விதியை எழுதியது இவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள். கோப்பின்படி பார்த்தால் சித்திதான் பதினெட்டு வருஷமாக அடுத்தவர் கணக்கில் நுழைந்துகொண்டிருந்தவள், அதை வெளியே சொல்லாமல் இருப்பதே அவளுக்கு நல்லது என்றான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட மாட்டான் என்பார்கள். இங்கே சாமி யாரென்றே தெரியவில்லை, எல்லாரும் பூசாரிகளாகவே இருந்தார்கள்.

அந்த விதியையாவது நிறுத்திவிடலாம் என்றாள். அல்கீஸ் திரையைத் திருப்பிக் காட்டினான். இரண்டு வாரத்துக்குள் அது நிஜமான திருடர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேரைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தது. அதில் ஓர் ஆஸ்பத்திரியின் கணக்கும் உண்டு.

"விதி சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு, இசிடோரா" என்றான். "அதான் என்ன சொல்றதுன்னு தெரியல."

கோப்பைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். நீ பார்த்ததை நான் கேட்கவில்லை, போ என்றான். அதைவிடப் பெரிய உதவியை அவனால் செய்ய முடியாதென்று இருவருக்கும் தெரிந்தது.

சனிக்கிழமை காலை விமானத்தில் அவள் கியோஸுக்குப் போனாள். தொலைபேசியில் சொல்லக்கூடிய விஷயமில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். கடவுச்சொல் மாறவில்லை என்று சொல்ல வேண்டும். உள்ளே வர நான்கு தடவை முயன்றார் என்று சொல்ல வேண்டும். பூட்டியது என் விதி என்றும் சொல்ல வேண்டும், அந்தப் பழியை அவள் தாங்கிக்கொள்வாள். கடிதத்தைப் பறித்தது எந்த நிமிஷம், யார் நுழைந்ததால் என்பதை மட்டும் விழுங்கிவிட வேண்டும். அது ஒன்றை விழுங்கிவிட்டால் சித்தி பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தாள்.

சித்தி வாசலிலேயே நின்றாள். கறுப்பு உடையில் பாதியாக இளைத்திருந்தாள். சமையலறையில் உட்கார வைத்து, சின்னக் கோப்பையில் காப்பியும் தட்டில் ஒரு கரண்டி மாஸ்டிக் பிசின் இனிப்பும் வைத்தாள். கணினி அதே மேசையின் ஓரத்தில், தூசி படாமல் துணி போர்த்தி இருந்தது. ஆயர் அலுவலகத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை, ஆனாலும் வழிபாட்டில் அவித்துப் படைக்கக் கோதுமை வாங்கி வைத்துவிட்டேன் என்றாள்.

"அவரு பூட்ட மாத்தல சித்தி" என்றாள் இசிடோரா.

சித்தி கரண்டியைக் கீழே வைத்தாள்.

இசிடோரா சொன்னாள். செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். பழைய கடவுச்சொல்லைத்தான் போட்டார். எழுத ஆரம்பித்தார், அப்போது கணினி சந்தேகப்பட்டு அவரை வெளியே தள்ளிவிட்டது. அது நான் எழுதிய விதி, நான்தான் எழுதினேன், அன்றைக்குக் காலையில்தான் அதை ஓடவிட்டேன். அவர் விடவில்லை, நான்கு தடவை திரும்பி வந்து முயன்றார். எழுதியது சேமிக்கவில்லை, அதனால் அது என்னவென்று இனி யாருக்கும் தெரியாது.

சித்தி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். கண்ணீர் தாரை தாரையாக வந்தது, ஆனால் முகம் மலர்ந்தது. "நாலு தடவ" என்றாள். "மாத்தல. என் மேல கோவமில்ல. நாலு தடவ வந்திருக்காரு." எழுந்து வந்து இசிடோராவின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். நீ என்னடி பண்ணுவே, வேலை சொன்னதைச் செய்தாய், கப்பல்காரன் கப்பலை ஓட்டுகிறான், அலை அவனைக் கேட்டா வருகிறது என்றாள். சாகப் போகிற மனுஷன் இப்படித் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டுவானா, இதைப் பாதிரியாரிடம் சொல்ல வேண்டும், ஸ்தமாட்டிஸிடம் சொல்ல வேண்டும், மணிலா மணிலா என்றார்களே அவர்கள் மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்ல வேண்டும் என்றாள். கொஞ்ச நேரம் அந்தச் சமையலறையில் பாரம் குறைந்தது போலவே இருந்தது. அவமானமாக இருந்தாலும் இசிடோராவுக்கும் மூச்சு வந்தது.

சித்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். காப்பியை எடுத்தாள். முப்பத்தோரு வருஷம் கடலோடியின் மனைவியாக இருந்தவளுக்கு அடுத்துத் தோன்றுகிற கேள்வி ஒன்றுதான். அங்கே மணி என்ன, இங்கே மணி என்ன.

"எத்தன மணிக்கு வந்தாரு?"

சாயங்காலம் என்றாள் இசிடோரா. சரியாக எத்தனை மணி என்றாள் சித்தி. மறந்துவிட்டது, பதிவில் கிரீன்விச் நேரம்தான் இருக்கும், கணக்குப் போட வேண்டும் என்று இசிடோரா ஏதோ உளறினாள். பொய் சொல்லத் தெரியாதவளுக்கு அந்த வேலையில் என்னதான் கற்றுக் கொடுத்தார்களோ.

"மூணே முக்காலுக்கு வந்தாரு" என்றாள் கடைசியில். "நாலு மணிக்கு வெட்டிடுச்சு."

சித்தி கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தாள். அவளுக்கு விதியும் தெரியாது, செயற்கைக்கோளும் தெரியாது. ஆனால் செவ்வாய்க்கிழமை மதியத் தூக்கம் முடிந்து எழுந்ததும், அடுப்பில் காப்பி வைத்ததும், கணினியின் துணியை எடுத்ததும், அப்போது மாதாகோயில் மணி நான்கு அடித்ததும் தெரியும். இசிடோரா அவள் முகத்தைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ வண்டியை நிறுத்திவிட்டுச் சித்தியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், பிறகு போய்விட்டார்கள்.

"நான் வந்ததாலயா?"

இசிடோரா எழுந்து சித்தியின் கையிலிருந்த கோப்பையை வாங்கி மேசையில் வைத்தாள்.

"நான் ஒரு எழுத்துக்கூட எழுதலயே, கண்ணு" என்றாள் சித்தி. "அவரு வந்திருக்காரான்னு பாக்கத்தான் உள்ள போனேன்."